எஸ்க்யூஎல் சர்வரில் பேக்கப், ரீஸ்டோர் வரலாற்றைப் படிப்பது எப்படி?

எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றைப் புதிதாகப் பொறுப்பேற்றவரிடம் "பேக்கப் எல்லாம் ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டால், ஏஜென்ட் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பகுதி) ஜாப் பட்டியலைத் திறந்து பச்சை டிக்கைக் காட்டுவார். அது போதாது. ஜாப் ஓடியது வேறு; எந்த டேட்டாபேஸ், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்புக்குள் போனது என்பது வேறு. போன மாதம் யாரோ உருவாக்கிய புது டேட்டாபேஸ் ஜாபின் பட்டியலிலேயே இல்லாவிட்டாலும் ஜாப் பச்சையாகத்தான் இருக்கும்.

சரியான பதில் சர்வருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பேக்கப் முடிந்ததும், ஒவ்வொரு ரீஸ்டோர் நடந்ததும் எம்எஸ்டிபி என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் சர்வர் தானாகவே ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. இதற்கென்று தனியாக எதையும் ஆன் செய்ய வேண்டியதில்லை. அந்தக் குறிப்புகளை எப்படிப் படிப்பது, எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். டேபிள், நெடுவரிசைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். குவெரியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், நடுவில் அண்டர்ஸ்கோரோடு தட்டிக்கொள்ளுங்கள்.

குவெரி எழுதத் தயக்கமாக இருந்தால் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஒரு குறுக்குவழி உண்டு. டேட்டாபேஸ் மேல் ரைட் கிளிக் செய்து ரிப்போர்ட்ஸ், ஸ்டாண்டர்ட் ரிப்போர்ட்ஸ், அதற்குள் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் ஈவென்ட்ஸ். அந்த டேட்டாபேஸுக்கு நடந்த பேக்கப்பும் ரீஸ்டோரும் வரிசையாக வந்துவிடும். ஒரே ஒரு டேட்டாபேஸ் என்றால் இது போதும். இருபது, முப்பது டேட்டாபேஸ் உள்ள சர்வரில் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டிருக்க முடியாது. அதோடு, பேக்கப்பே எடுக்கப்படாத டேட்டாபேஸ் எது என்று இந்த ரிப்போர்ட் உங்களைத் தேடி வந்து சொல்லாது. ஆகவே குவெரிக்கு வருவோம்.

தெரிந்துகொள்ள வேண்டிய டேபிள்கள் மூன்று. பேக்கப்செட் என்பதில் ஒரு பேக்கப்புக்கு ஒரு வரி இருக்கும். பேக்கப்மீடியாஃபேமிலியில் அந்த பேக்கப் எந்தக் கோப்புக்குப் போனது என்ற விவரம். ரீஸ்டோர்ஹிஸ்டரியில் ஒரு ரீஸ்டோருக்கு ஒரு வரி. கோப்பு அளவிலான விவரத்துக்கு பேக்கப்ஃபைல், ரீஸ்டோர்ஃபைல் போன்ற துணை டேபிள்களும் உண்டு. ஆரம்பத்தில் அவை தேவைப்படாது.

முதல் குவெரியில் பேக்கப்செட்டையும் பேக்கப்மீடியாஃபேமிலியையும் மீடியா_செட்_ஐடி வழியாக ஜாயின் செய்யுங்கள். டேட்டாபேஸ்_நேம், டைப், பேக்கப்_ஸ்டார்ட்_டேட், பேக்கப்_ஃபினிஷ்_டேட், பேக்கப்_சைஸ், கம்ப்ரஸ்டு_பேக்கப்_சைஸ், இஸ்_காப்பி_ஒன்லி, இஸ்_ஸ்னாப்ஷாட், யூசர்_நேம், பிசிக்கல்_டிவைஸ்_நேம் ஆகியவற்றை எடுத்து, முடிந்த நேரத்தின்படி புதியது மேலே வருமாறு அடுக்குங்கள். அளவு பைட்டில் வரும். 1024-ஆல் இரண்டு முறை வகுத்தால் எம்பி. ஒரே பேக்கப்பை நான்கு கோப்புகளாகப் பிரித்து எடுத்திருந்தால் நான்கு வரிகள் வரும். அது நான்கு பேக்கப் இல்லை.

டைப் நெடுவரிசையில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். டி என்றால் ஃபுல். புதியவர்கள் பலர் டிஃபரன்ஷியல் என்று நினைத்துவிடுவது இங்கேதான்; டி என்பது டேட்டாபேஸ், அதாவது முழு பேக்கப். டிஃபரன்ஷியலுக்கு (கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியவை மட்டும்) ஐ, லாகுக்கு (மாற்றங்களை வரிசையாகப் பதியும் டிரான்ஸாக்‌ஷன் லாக்) எல். எஃப், ஜி, பி, க்யூ என்றும் வரலாம். அவை ஃபைல் குரூப், பார்ஷியல் வகைகள். சாதாரண அலுவலக சர்வரில் அபூர்வம்.

நேரத்தைப் படிக்கும்போது சர்வரின் கடிகாரத்தைக் கவனியுங்கள். பதிவாவது அந்த மெஷினின் உள்ளூர் நேரம். மெஷின் யூடிசியில் ஓடினால், பட்டியலில் இரவு 1:00 என்று தெரியும் பேக்கப் இந்திய நேரப்படி காலை 6:30-க்கு எடுத்தது. "ராத்திரியிலேயே முடிஞ்சிடுது சார்" என்று சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ள நேரும்.

இல்லாததைத் தேடுங்கள்

இந்த வேலையின் மையமே இதுதான். பேக்கப்செட்டில் பதிவாவது வெற்றிகரமாக முடிந்த பேக்கப் மட்டுமே. பாதியில் தோற்ற பேக்கப்புக்கு அங்கே வரியே கிடையாது. பட்டியலில் தோல்வி எதுவும் தெரியவில்லையே என்று நிம்மதி அடைந்தால் தவறு. அந்தப் பட்டியலில் தோல்வி எந்நாளும் தெரியாது. ஓட்டைதான் தெரியும், அதுவும் தேடினால்.

எனவே இரண்டாவது குவெரியை பேக்கப்செட்டிலிருந்து தொடங்காதீர்கள். சிஸ்.டேட்டாபேசஸ் என்ற பட்டியலிலிருந்து தொடங்கி, பேக்கப்செட்டை லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் கடைசி ஃபுல், கடைசி டிஃபரன்ஷியல், கடைசி லாக் எப்போது முடிந்தது என்று மேக்ஸ் போட்டு எடுங்கள். டெம்ப்டிபிக்கு பேக்கப் எடுக்கவே முடியாது, அதை மட்டும் விலக்குங்கள். மாஸ்டர், எம்எஸ்டிபி, மாடல் மூன்றும் பட்டியலில் இருக்கட்டும். ரிகவரி_மாடல்_டெஸ்க் நெடுவரிசையையும் பக்கத்தில் வையுங்கள்; டேட்டாபேஸ் தன் லாகை எப்படி வைத்துக்கொள்கிறது (ஃபுல், சிம்பிள்) என்பதை அது சொல்லும்.

வரும் விடையில் நல் (மதிப்பே இல்லை) என்று தெரிகிற இடங்கள்தான் உங்கள் வேலைப் பட்டியல். கடைசி ஃபுல் நல் என்றால் பேக்கப்பே இல்லை. ரிகவரி மாடல் ஃபுல் என்று இருந்து, கடைசி லாக் நல் என்றால் அந்த டேட்டாபேஸின் லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் டிஸ்க் நிரம்பித்தான் விஷயம் வெளியே தெரியும். மாடல் சிம்பிள் என்றால் லாக் பேக்கப் இல்லாதது இயல்பு, விட்டுவிடலாம்.

இங்கே ஒரு ஜாயின் நிபந்தனையை மறக்காதீர்கள். வேறொரு சர்வரில் எடுத்த பேக்கப்பை இங்கே ரீஸ்டோர் செய்தால், அந்த பேக்கப்பின் வரியும் இந்த சர்வரின் பேக்கப்செட்டுக்குள் வந்துவிடும். டெஸ்ட் சர்வரில் வாரம் ஒருமுறை புரொடக்‌ஷன் காப்பியை ஏற்றுகிற இடங்களில், அந்த டெஸ்ட் டேட்டாபேஸுக்கு ஒழுங்காக பேக்கப் நடப்பது போலவே தோன்றும். சர்வர்_நேம் இந்த சர்வரின் பெயர்தானா என்று வடிகட்டுங்கள். அவெய்லபிலிட்டி குரூப் (ஒரே டேட்டாபேஸின் நகல்களை, அதாவது ரெப்ளிகாக்களை, பல சர்வர்களில் வைக்கும் அமைப்பு) இருந்தால் நிலைமை தலைகீழ்: பேக்கப் எந்த ரெப்ளிகாவில் எடுக்கப்பட்டதோ அதன் எம்எஸ்டிபியில் மட்டும்தான் வரி இருக்கும். எல்லா ரெப்ளிகாவிலும் குவெரியை ஓட்டி, விடைகளைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தோல்வி எங்கே பதிவாகும்? எரர் லாகில், அதாவது சர்வர் தன் செய்திகளை எழுதி வைக்கும் கோப்பில். பேக்கப் தோற்றால் 3041 என்ற எண்ணோடு ஒரு செய்தி விழும். எதனால் என்பது அதற்குப் பக்கத்து வரிகளில் இருக்கும். டிஸ்கில் இடமில்லை, பாதைக்கு அனுமதியில்லை, இப்படி. வெற்றிச் செய்திகளும் அதே லாகில்தான் விழும்: டேட்டாபேஸுக்கு 18264, லாகுக்கு 18265, டிஃபரன்ஷியலுக்கு 18270. நிறைய டேட்டாபேஸ் உள்ள இடத்தில் இவை லாகை அடைத்துவிடுவதால் 3226 என்ற டிரேஸ் ஃபிளாக் (சர்வரின் நடத்தையை மாற்றும் சுவிட்ச்) போட்டு வெற்றிச் செய்திகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். உங்கள் சர்வரில் அவை தெரியவில்லை என்றால் பதற வேண்டாம்.

ஏஜென்ட் ஜாப் ஹிஸ்டரியைப் பொறுத்தவரை ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இயல்பு அமைப்பில் அது எல்லா ஜாப்களுக்கும் சேர்த்து 1000 வரி, ஒரு ஜாபுக்கு அதிகபட்சம் 100 வரி மட்டுமே வைத்திருக்கும். ஒற்றை ஸ்டெப் உள்ள ஜாப் ஒருமுறை ஓடினாலே இரண்டு வரி எழுதும்: ஸ்டெப்புக்கு ஒன்று, மொத்த விடைக்கு ஒன்று. லாக் பேக்கப் 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், 50 ஓட்டங்களில், அதாவது பன்னிரண்டரை மணி நேரத்தில், பழையது அழிந்துவிடும். வெள்ளி இரவு 8 மணிக்கு ஒருமுறை தோற்றது திங்கள்கிழமை காலையில் யாருக்கும் தெரியாது. ஏஜென்டின் பிராப்பர்ட்டீஸில் ஹிஸ்டரி பகுதிக்குப் போய் இந்த எண்களை உயர்த்துவதை முதல் நாளே செய்துவிடலாம். எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஏஜென்டே கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் வழியாகத்தான் ஓடும். அங்கே எம்எஸ்டிபியும் எரர் லாகும்தான் முக்கிய சாட்சி.

தோல்வி சத்தமில்லாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது நல்ல உதாரணம். அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டது அது. எஸ்க்யூஎல் சர்வர் இல்லை, போஸ்ட்கிரெஸ். முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டர் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடிப் போனால் எஸ்3 பக்கெட் (அமேசான் கிளவுட் சேமிப்பிடம்) காலி. 9.6 பதிப்பு டேட்டாபேஸ் மீது 9.2 பதிப்பின் பிஜி_டம்ப் (போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவி) ஓடித் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களோ டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் முறை) சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வரவில்லை. தற்செயலாகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. எச்சரிக்கை மின்னஞ்சல் வரவில்லை என்பதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது.

ஒரு வாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

இனி ஒரு கற்பனைப் பட்டியல். டேட்டாபேஸின் பெயர் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு அதிகாலை 1:00-க்கு டி, 42 ஜிபி. திங்கள் 1:00-க்கு ஐ, 900 எம்பி. செவ்வாய் ஐ, 1.8 ஜிபி. புதன் ஐ, 2.6 ஜிபி. வியாழன் ஐ, 400 எம்பி. நடுவில் 15 நிமிடத்துக்கு ஒரு எல்.

வியாழக்கிழமை வரியில் கண் நிற்க வேண்டும். டிஃபரன்ஷியல் என்பது கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியவை எல்லாம். எனவே அடுத்த ஃபுல் வரை அது பெருத்துக்கொண்டேதான் போகும். 2.6 ஜிபி திடீரென 400 எம்பி ஆனால், நடுவில் யாரோ ஒரு ஃபுல் எடுத்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கும்: புதன் காலை 11:40-க்கு ஒரு டி. யூசர்_நேமில் ஏஜென்ட் கணக்கு இல்லை, ஒரு டெவலப்பரின் லாகின். டிவைஸ் பெயரில் வழக்கமான பேக்கப் ஷேர் இல்லை, டி டிரைவில் டெம்ப் என்ற ஃபோல்டர். இஸ்_காப்பி_ஒன்லி பூஜ்யம். டெஸ்ட்டுக்கு ஒரு காப்பி தேவைப்பட்டிருக்கிறது, எடுத்து ஏற்றிவிட்டு கோப்பை அழித்திருப்பார்.

அடுத்த நாள் சர்வர் விழுந்தால்? ஞாயிறு ஃபுல்லை ஏற்றி, மேலே வியாழக்கிழமை டிஃபரன்ஷியலைப் போட்டால் 3136 பிழை வரும். அந்த டிஃபரன்ஷியல் புதன்கிழமை ஃபுல்லுக்குச் சொந்தம். அந்தக் கோப்போ இல்லை. ஆனாலும் கதை முடியவில்லை. ஃபுல் பேக்கப் லாக் சங்கிலியை (ஒன்றையொன்று தொடரும் லாக் பேக்கப்புகளின் வரிசையை) உடைக்காது. ஞாயிறு ஃபுல், புதன் அதிகாலை 1:00 டிஃபரன்ஷியல், அதிலிருந்து இன்றுவரை உள்ள எல்லா லாகும் என்று போனால் மீண்டுவிடலாம். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். இந்த வழியைக் கண்டுபிடிக்க உதவுவது இந்த வரலாறுதான்.

சந்தேகத்தை உறுதிசெய்ய அளவை மட்டும் நம்ப வேண்டியதில்லை. டிஃபரன்ஷியல் வரியில் டிஃபரன்ஷியல்_பேஸ்_ஜியூஐடி என்ற மதிப்பு இருக்கும். எந்த ஃபுல்லின் பேக்கப்_செட்_யூயூஐடி அதனோடு பொருந்துகிறதோ அதுதான் தாய். அப்புறம், டெவலப்பர்களிடம் காப்பி ஒன்லி ஆப்ஷனைப் பற்றிச் சொல்லி வையுங்கள். அதைச் சேர்த்து எடுத்தால் டிஃபரன்ஷியலின் அடிப்படை மாறாது.

இதே தொல்லையை மனிதர் இல்லாமலும் கொண்டுவர முடியும். விர்ச்சுவல் மெஷினை மொத்தமாகப் பேக்கப் எடுக்கும் மென்பொருள்கள் விஎஸ்எஸ் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவை) வழியாக எஸ்க்யூஎல் சர்வரைத் தொடும்போது பேக்கப்செட்டில் ஒரு டி வரி விழும். அடையாளம் எளிது: இஸ்_ஸ்னாப்ஷாட் 1, டிவைஸ்_டைப் 7, கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் நீளமான ஒரு ஜியூஐடி (அடையாள எண்). காப்பி ஒன்லியாக இல்லாவிட்டால் அதுவும் டிஃபரன்ஷியலின் அடிப்படையை மாற்றிவிடும். உங்கள் பேக்கப் ஃபோல்டரில் தேடினால் அந்தப் பெயரில் கோப்பு இருக்காது, ஏனென்றால் அது அங்கே எழுதப்படவே இல்லை.

லாக் சங்கிலியைச் சோதிப்பது

லாக் பேக்கப் ஒவ்வொன்றிலும் ஃபர்ஸ்ட்_எல்எஸ்என், லாஸ்ட்_எல்எஸ்என் என்று இரண்டு நீண்ட எண்கள்; எல்எஸ்என் என்பது லாகில் உள்ள பதிவின் வரிசை எண். ஒன்றின் லாஸ்ட் எதுவோ அதுவே அடுத்ததன் ஃபர்ஸ்ட்டாக இருக்க வேண்டும். டைப் எல் உள்ள வரிகளை டேட்டாபேஸ் வாரியாக அடுக்கி, லேக் ஃபங்‌ஷனால் முந்தைய வரியின் லாஸ்ட்_எல்எஸ்என்னைப் பக்கத்தில் கொண்டுவந்து, பொருந்தாத வரிகளை மட்டும் எடுங்கள். லேக் 2012 பதிப்பிலிருந்து உண்டு. பொருந்தாமை இருந்தால், யாராவது ரிகவரி மாடலை சிம்பிளுக்கு மாற்றித் திரும்ப ஃபுல்லுக்குக் கொண்டுவந்திருக்கலாம். லாக் பெருத்துவிட்டது என்று அவசரத்தில் செய்கிற வேலை அது. இல்லையென்றால் நடுவில் ஒரு லாக் பேக்கப் வேறொரு ரெப்ளிகாவில் எடுக்கப்பட்டு அதன் வரி அங்கே இருக்கும்.

அதே குவெரியில் இரண்டு லாக் பேக்கப்புகளுக்கு இடையே எத்தனை நிமிடம் என்றும் கணக்கிடுங்கள். "அதிகபட்சம் 15 நிமிட டேட்டாதான் போகும்" என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஃபுல் ஓடும் இரவுகளிலும் மாதக் கடைசியிலும் உண்மை இடைவெளி என்ன என்பதை இந்த எண் காட்டிவிடும். சராசரியை விட்டுவிட்டு அதிகபட்சத்தைப் பாருங்கள்.

எல்எஸ்என் கணக்கு சரியாக வந்தாலும் ஒரு வஞ்சனை மிச்சம் இருக்கலாம். பிசிக்கல்_டிவைஸ்_நேமில் என்யூஎல் (விண்டோஸின் வெற்று டிவைஸ்; மேலே சொன்ன நல் வேறு) என்று இருந்தால், அந்த பேக்கப் எங்கேயும் எழுதப்படவில்லை. விண்டோஸ் அதை வாங்கி வீசிவிட்டது. பேக்கப்செட்டைப் பொறுத்தவரை அது வெற்றிகரமான பேக்கப், அளவும் நேரமும் பக்காவாக இருக்கும், சங்கிலியும் அறுபடாமல் தெரியும். ஆனால் ரீஸ்டோருக்குப் போட கோப்பு இல்லை. எனவே சங்கிலியைச் சோதிக்கும் குவெரியிலேயே டிவைஸ் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

பொதுவாகவே, எழுதி முடித்த பிறகு கோப்புக்கு என்ன ஆனது என்பது எம்எஸ்டிபிக்குத் தெரியாது. யாராவது அழித்தாலும், நகர்த்தினாலும், பாதியாகக் காப்பி செய்தாலும் வரி அப்படியே இருக்கும். மாதிரிக்குச் சில கோப்புகளை எடுத்து ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி கட்டளையால் திறந்து, அதில் வரும் டேட்டாபேஸ் பெயர், நேரம், எல்எஸ்என் எல்லாம் வரலாற்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹேஸ்_பேக்கப்_செக்சம்ஸ் பூஜ்யமாக இருந்தால் பேக்கப் கட்டளையில் செக்சம் ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லுங்கள். இஸ்_டேமேஜ்டு 1 என்று எங்காவது தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்; பழுது தெரிந்தும் எரரை மீறித் தொடரச் சொல்லி எடுத்த பேக்கப் அது.

ரீஸ்டோர் பக்கம்

பலர் ரீஸ்டோர்ஹிஸ்டரியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் முக்கியம். பேக்கப்செட்டில் ஆயிரம் வரி இருந்தாலும் அவை எடுத்ததற்கான சாட்சி மட்டுமே. திரும்ப வரும் என்பதற்கான சாட்சி ரீஸ்டோர்ஹிஸ்டரியில் உள்ள வரிதான்.

பேக்கப்_செட்_ஐடி வழியாக பேக்கப்செட்டோடு ஜாயின் செய்தால், எந்த பேக்கப், எப்போது, எந்தப் பெயரில், யாரால் ஏற்றப்பட்டது என்று ஒரே வரியில் வந்துவிடும். ரீஸ்டோர்_டேட், டெஸ்டினேஷன்_டேட்டாபேஸ்_நேம், யூசர்_நேம், ரீஸ்டோர்_டைப், ரீபிளேஸ், ரிகவரி, ஸ்டாப்_அட் ஆகியவை போதும். ரீபிளேஸ் 1 என்றால் இருந்த டேட்டாபேஸின் மேலேயே ஏற்றும்படி கட்டளை கொடுத்திருக்கிறார்கள். "நேத்து போட்ட என்ட்ரி எல்லாம் காணோம்" என்று பயனர் தரப்பிலிருந்து அழைப்பு வந்தால், டேட்டாவைத் தோண்டுவதற்கு முன்னால் இந்த டேபிளைப் பாருங்கள். டெஸ்ட்டில் ஏற்ற வேண்டியதை யாராவது புரொடக்‌ஷனில் ஏற்றியிருந்தால் நேரத்தோடும் பெயரோடும் அது இங்கே உட்கார்ந்திருக்கும். எல்லோரும் ஒரே எஸ்ஏ (சர்வரின் தலைமை நிர்வாகி) லாகினில் வேலை செய்கிற அலுவலகத்தில் அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. தனித்தனி லாகின் கேட்க இது நல்ல காரணம்.

சோதனை ரீஸ்டோர் தனி சர்வரில் நடந்தால் அதன் வரி அந்த சர்வரின் எம்எஸ்டிபியில்தான் இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள். ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி மட்டும் ஓட்டுவது சோதனை ரீஸ்டோர் ஆகாது. கோப்பு முழுமையாக இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்றுதான் அது பார்க்கிறது. டேட்டாபேஸ் எழுந்து நிற்குமா என்று பார்ப்பதில்லை. ஏற்றிவிட்டு டிபிசிசி செக்டிபி (டேட்டாபேஸில் பழுது உண்டா என்று பார்க்கும் கட்டளை) ஓட்டினால்தான் அந்த நம்பிக்கை வரும். வெரிஃபைஒன்லிக்கு லோட்ஹிஸ்டரி என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அந்த பேக்கப்பின் விவரத்தை வரலாற்று டேபிள்களுக்குள் ஏற்றிவிடும். எம்எஸ்டிபி தொலைந்து, கோப்புகள் மட்டும் கையில் இருக்கும்போது இது உதவும்.

வரலாற்றைக் காப்பதும் கழிப்பதும்

எம்எஸ்டிபி தானாகப் பழையதை அழிக்காது. பல வருடம் ஓடிய சர்வரில் 15 நிமிட லாக் பேக்கப் என்றால் வரிகள் மலைபோல் குவிந்து, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ரீஸ்டோர் ஜன்னலைத் திறந்தாலே உறைந்துபோய் நிற்கும். எஸ்பி_டிலீட்_பேக்கப்ஹிஸ்டரி என்ற புரொசீஜருக்கு ஒரு தேதியைக் கொடுத்தால் அதற்கு முந்தையதை அழித்துவிடும். ஐந்து வருடத்தை ஒரே அடியில் அழிக்க முயலாதீர்கள். மாதம் மாதமாகத் தேதியை நகர்த்தி ஓட்டுங்கள், இல்லையேல் எம்எஸ்டிபியின் லாக் வீங்கிவிடும். பேக்கப் கோப்பை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்களோ, வரலாற்றையும் குறைந்தது அத்தனை நாள் வையுங்கள். ஆடிட்டர் அதற்கும் பழையதைக் கேட்பார் என்றால் தேவையான நெடுவரிசைகளை வேறொரு சர்வரில் உங்கள் சொந்த டேபிளுக்குத் தினமும் நகலெடுத்துவிடுங்கள். சர்வரோடு எம்எஸ்டிபியும் போய்விட்டால் வரலாறும் போய்விடும் என்பதால் எப்படியும் அது செய்ய வேண்டிய வேலைதான். எம்எஸ்டிபிக்கே தினமும் ஒரு ஃபுல் பேக்கப் எடுங்கள். அளவு சிறியது, நிமிடத்தில் முடியும்.

எப்போதாவது 3009 என்ற பிழையைப் பார்த்தால், பேக்கப்போ ரீஸ்டோரோ நடந்தது, ஆனால் வரலாற்றில் எழுத முடியவில்லை என்று பொருள். கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள், எம்எஸ்டிபிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஒரு டேட்டாபேஸை டிலீட் செய்யும் ஜன்னலில், பேக்கப், ரீஸ்டோர் வரலாற்றையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் முன்கூட்டியே போட்டே வரும். டேட்டாபேஸை அழித்த பிறகுதான் "அதோட கடைசி பேக்கப் எங்கே?" என்ற கேள்வி வரும், அந்த நேரத்தில் வழி சொல்ல வேண்டிய வரிகளும் சேர்ந்து போயிருக்கும். டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள்.